சஹனுக்கு விரிப்பு இல்லை

என்னைப்போல் சஹன் வாடகைக்கு விடுகிறவளுக்குப் பந்தியில் என்ன கறி என்று தெரியாது. பந்தி முடிந்த பிறகு வளவில் என்ன கிடக்கும் என்று நன்றாகத் தெரியும். கதிரை, பந்தல், கிடாரம் என்று எதையாவது வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர்கள் இதற்குத் தலையாட்டுவீர்கள்.

கல்முனைப் பக்கம் கலியாணம், கந்தூரி என்றால் அஞ்சாறு பேர் பாயில் சுற்றி உட்கார்ந்து, சஹன் என்ற ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவோம். அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீளக்கூடாது, நடுவை அள்ளவும் கூடாது. இப்போது தட்டின் மேல் லன்ச் ஷீட் என்ற பொலித்தீனை விரிக்கிறார்கள், சாப்பிட்டதும் எச்சிலோடு சுருட்டி எறிகிறார்கள். என் சஹனில் அதை விரிக்க விடமாட்டேன். இது என் கடைச் சட்டம்.

சட்டம் போட்ட நேரம் நல்ல நேரமில்லை. மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தோம். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீட்டை நாங்கள்தான் கட்ட வேண்டும். சுவர் எழும்பியிருந்தது. கூரையைச் சஹன்கள்தான் உழைத்துப் போட வேண்டும்.

ஹாஜியாரின் உபகாரம்

ஒரு ஹாஜியார் மகன் கலியாணத்துக்கு என்னிடமிருந்த சஹன் முழுவதையும் கேட்டு வந்தார். எனக்கு அது ஒரு பக்கக் கூரை. லொறியில் ஏற்றி முடியும் நேரம், முன் சீட்டில் லன்ச் ஷீட் ரோல் ஒன்று கிடந்ததைக் கண்டேன். இறக்குங்கள் என்றேன். ரோலைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அதைக் கையில் எடுத்தார். சஹனை இறக்குங்கள் என்றேன்.

எத்தனை கலியாணம் கண்டாலும் தேயாத தட்டுக்கு ஒரு வேளைச் சட்டை எதற்கு, நாம் மண்ணுக்குள் போன பிறகும் அந்தச் சட்டை மண்ணுக்கு மேலே கிடக்குமே என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி முகத்துக்கு விசிறிக்கொண்டு எதிர்க்கடையைப் பார்த்தார். அங்கே சஹன் எடுத்தால் ஷீட் இலவசம். போகும்போது சொன்னார்: "கழுவுற வேல உங்களுக்கு மிச்சமாகட்டும் எண்டுதானே ராத்தா விரிக்கிறம். உபகாரத்தையும் வேணாம் எண்டு செல்ற ஆள இண்டைக்குத்தான் கண்டன்."

இறக்காமத்திலிருந்து வந்தவள்

இறக்காமத்தில் வயல் செய்கிற ஒரு பெண், அறுவடை முடிந்த கந்தூரிக்குச் சஹன் கேட்டு வந்தாள். சட்டத்தைச் சொல்ல வாயெடுத்தேன். ஷீட் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு என்னைவிடக் கோபம் வந்தது.

எங்கள் ஊர்க் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் மேட்டுக்கு யானைகள் வருகின்றனவாம். கறி வாசத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிட்டு, போகிற வழியில் அவளுடைய வேளாண்மையை மிதித்துத் துவைத்துவிடுகின்றனவாம். எனக்கு வெட்கமாகிவிட்டது. நாங்கள் விருந்து சாப்பிட்டதற்கு அவள் ஏன் நெல்லைக் கொடுக்க வேண்டும்? அவள் சஹன்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்கட ஊர்ல எப்ப கலியாணம் நடந்த எண்டு நாங்க ஆரிட்டயும் கேக்கத் தேவல்ல ராத்தா. எங்கட வரம்புல கிடக்கிற யானை லத்திக்குள்ள ஷீட் இரிக்கும்."

மூன்று வட்டம்

மாதர் சங்கங்களுக்கு நிலைபேறான அபிவிருத்தி பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள். படிப்பித்த மிஸ், பக்கத்திலுள்ள வீரமுனை ஊர்த் தமிழ்ப் பிள்ளை. பலகையில் மூன்று வட்டம் போட்டாள்: சூழல், சமூகம், பொருளாதாரம். ஒன்றை விழுங்கி மற்றது வளரக்கூடாது, நாளைக்கு வருகிறவர்களின் பங்கில் இன்றைக்கு இருக்கிறவர்கள் கை வைக்கக்கூடாது என்றாள். சஹனில் காலமெல்லாம் நாங்கள் செய்வது இதுதானே என்று எழும்பி நின்று என் சட்டத்தைச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

மிஸ் தட்டவில்லை. இத்தனை சஹனையும் கழுவ எவ்வளவு தண்ணீர் போகும், சவர்க்கார நுரை எங்கே போகும் என்று கேட்டாள். எங்கே போகும், கிணற்றடியில்தான். கடலோரக் கிணறு, கோடையில் ஏற்கனவே உவர்க்கும்.

கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். கோபத்தோடேயே உமியால் எச்சிலை வழித்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவின தண்ணீரை வாழைக்குத் திருப்பினேன். முன்பு போன தண்ணீரில் பாதி கூடப் போகவில்லை. அடுத்த வகுப்பில் அதைச் சொன்னபோதும் என் குரல் இறங்கவில்லை. மிஸ் சிரித்துவிட்டாள்: "கோவத்துல நல்லா வேலை செய்றீங்க அக்கா. இனி உங்களக் கோவப்படுத்திப்போட்டுத்தான் வகுப்பத் தொடங்கோணும்."

மகளும் மாப்பிள்ளையின் உம்மாவும்

வாடிக்கை குறைந்து கூரை பாதியில் நின்றது. என் காப்பை விற்று மீதியைப் போட்டோம். அதற்குள் மாப்பிள்ளையின் உம்மா சொல்லி அனுப்பினார்: எங்கள் ஆட்களுக்கு ஷீட் விரிக்க வேண்டும். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மா, என்ட கலியாணத்துக்கு மட்டும் உங்கட சட்டத்த விட்டுத் தாங்களன்" என்று அழுதாள். ஆனால் ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுக்காத சலுகையை என் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, எந்த முகத்தோடு கடையைத் திறப்பது? ஏலாது என்றேன். பந்தி ஷீட் இல்லாமல் நடந்தது. அன்றிலிருந்து மகள் என்னோடு பேசவில்லை.

கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பக்கத்தார் வைக்கும் வலிமா விருந்து, அவர்கள் வீட்டில். சஹன் எதிர்க்கடையிலிருந்து வந்திருந்தது. வெறும் சஹனில் ஷீட்டை விரித்து வைத்துவிட்டு, பிறகுதான் சோறு கொண்டுவந்தார்கள். சம்பந்தி வீட்டில் சண்டை பிடிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை. ஷீட்டை உருவி மடித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கூட இருந்த பெண்கள் குனிந்து பாயைப் பார்த்தார்கள். சோற்றுச் சட்டியோடு வந்த மாப்பிள்ளையின் உம்மா என்னைப் பார்த்தார், திரும்பி மணப்பெண்ணின் பாயைப் பார்த்தார். அங்கே என் மகள், மருதாணிக் கையால் தன் சஹனின் ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாப்பிள்ளையின் உம்மா வெறும் சஹனில் சோற்றைக் கொட்டினார்: "மகள் உங்களோட கதைக்கிறல்ல எண்டு நான் எவ்வளவு கவலப்பட்டன் மச்சி. ரெண்டு பேருக்கும் கத என்னத்துக்கு?"

வாடகைக்கு விட்ட சாமான் எதுவும் ஒருநாள் திரும்பி வந்துவிடும், பிடிவாதம் மட்டும் போன வீட்டிலேயே தங்கிவிடுகிறது.