கம்ப்யூட்டருக்கு இரண்டு பொட்டு

அருப்புக்கோட்டையில் நாகஜோதியின் வீட்டில் விசைத்தறி நான்கு, கம்ப்யூட்டர் ஒன்று. சேலைக்கான பார்டரை அவள்தான் கம்ப்யூட்டரில் வரைவாள். அதைத் தறி ஏற்றுக்கொள்கிற மாதிரி மாற்றித் தரும் புரோகிராமைக் காலேஜில் படிக்கும்போதே, பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியின் பழைய பதிப்பில் எழுதி வைத்திருந்தாள். பிறகு மதுரைக் கம்பெனி ஒன்றில், வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்தது. அதற்குப் பைத்தானின் புதிய பதிப்பு வேண்டும். இரண்டையும் அதே கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டாள்.

கணவன் முனீஸ்வரன் சுத்தக்காரன். ஆயுத பூஜை வந்தால் தறிக்கூடத்தில் ஒரு நூல் பிசிறு மிஞ்சாது. போன வருஷம் கம்ப்யூட்டரை வெளியே துடைத்தவன் சும்மா இருக்காமல் உள்ளேயும் கை வைத்துவிட்டான். பைத்தான் என்று ஒரே பெயரில் இரண்டு இருந்ததைப் பார்த்துப் பழசை அழித்துவிட்டான். பொட்டு வைத்து, மாலை போட்டு, பூஜையில் வைத்தாயிற்று. இனி மறுநாள் வரை யாரும் அதைத் தொடக்கூடாது.

விஜயதசமி காலையில் நல்ல நேரத்துக்குள் முதல் தறி ஓட வேண்டும். அன்று நின்றால் வருஷம் பூராவும் இழுபறிதான் என்பது முனீஸ்வரனின் பயம். அதற்கென்றே நாகஜோதி பருத்திப்பூ பார்டர் ஒன்று வரைந்திருந்தாள். புரோகிராம் திறக்கவே இல்லை.

“பழசத்தான எடுத்தேன்? புதுசு செய்யாதா?”

“பழசுல எழுதுனது புதுசுக்குப் புரியாதுங்க.”

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நல்ல நாளாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பழசை மறுபடி இறக்கி, தனி ஃபோல்டரில் வைத்து, எந்தப் பைத்தானைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு புரோகிராமின் முதல் வரியிலும் எழுதினாள். முனீஸ்வரன் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்திலேயே நின்றான்.

“ரெண்டும் முட்டிக்கிடாதா?”

“அததுக்கு எடம் குடுத்துட்டா ஏன் முட்டுது? நானும் ரெண்டு வேல பாக்குறேன்ல?”



“மதுர வேல வந்ததுலருந்து, நம்ம தறிய விட்டுருவியோன்னு பயந்துக்கிட்டே இருக்கேன் ஜோதி.”

“விடுறவளா இருந்தா இத ஏன் திரும்ப ஏத்துறேன்?”

நல்ல நேரம் முடிவதற்குள் தறி ஓடியது. பழசு என்று நாம் ஒதுக்குகிறதில் பாதி இன்னும் வேலையில்தான் இருக்கிறது. நின்ற பிறகுதான் தெரிகிறது.

இந்த வருஷமும் முனீஸ்வரன் துடைத்தான், வெளியே மட்டும். ஒவ்வொரு தறிக்கும் ஒரு பொட்டு, மோட்டாருக்கு ஒரு பொட்டு. கம்ப்யூட்டருக்கு மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வைத்தான்.

“இது எதுக்குங்க ரெண்டு?” என்றாள் நாகஜோதி.

“ரெண்டும் ஓடணும்ல.”