கறுக்காத மெட்டி

என் பேரன் பொண்டாட்டி திருத்தங்கல் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். நேற்று வந்ததும் வராததுமாகக் காலை நீட்டினாள். "ஆச்சி, கல்யாண மெட்டி கறுத்துப்போச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டான்!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏட்டி, கந்தகம் பட்டுக் கறுத்தாத்தான் அது வெள்ளி. எவர்சில்வரு கறுக்காது" என்றேன். சொல்லிவிட்டு அவள் மெட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

என் அம்மாவும் வெடிமருந்தில் வேலை பார்த்தவள்தான். அவள் வெள்ளி மெட்டி எப்போதும் கறுத்தே கிடக்கும். எனக்குக் காய்ச்சல் கண்டபோது அதை விற்றுவிட்டு, பஸ் ஸ்டாண்டு கடையில் எவர்சில்வர் மெட்டி வாங்கி மாட்டிக்கொண்டாள். "ஒங்கப்பாட்ட சொல்லிராத தாயி, வெசனப்படுவாக" என்றாள்.

அந்த வாரமே அம்மா வேலை பார்த்த கம்பெனி வெடித்தது. ஆஸ்பத்திரியில் கருகிய உடல்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். யார் முகமும் தெரியவில்லை. அப்பா ஒரு காலைத் தொட்டு, மெட்டியில் படிந்த கரியைக் கட்டைவிரலால் துடைத்தார். அது பளபளவென்று இருந்தது. அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"இது ஒங்கம்மா இல்ல தாயி! அவ மெட்டி கறுத்துல்ல கெடக்கும்! இது எவர்சில்வரு. வா, சாத்தூர் ஆஸ்பத்திரியில பாப்போம்."

என் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமாக நடந்தார். வாசலில் வைத்துச் சொன்னேன்: "எப்பா, அம்மா வெள்ளி மெட்டிய வித்துருச்சுப்பா."

அப்பா நின்றார். என் கையை விடாமலே திரும்பிப் போய், அந்தக் காலடியில் உட்கார்ந்தார்.