ஆணியில் தொங்கிய முள்பட்டை

கருப்பையா மறக்கவில்லை. நாயின் கழுத்திலிருந்து முள்பட்டையைக் கழற்றியவன் நான். அது செத்த பிறகு பழியை அவன் தலையில் இறக்கி வைத்தவனும் நான்தான்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி...

சுதந்திரம் வந்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும். போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் நான் மேற்பார்வையாளன். கருப்பையா மலைக்குக் கீழே போடிப் பக்கத்துச் சிலமலைக்காரன். காய் உலர்த்தும் கொட்டகையில் அடுப்பு எரிப்பது அவன் வேலை. செவலை என் நாய். என் நாய் என்று பெயர்தான். சோறு வைத்ததும் உண்ணி பொறுக்கியதும் அவன்!

சிறுத்தை நாயின் கழுத்தைத்தான் கவ்வும். அதனால் கருப்பையா தடித்த தோல்வாரில் ஆணிகளை வெளிப்பக்கம் நீட்டி அடித்து ஒரு பட்டை செய்திருந்தான். ஆணித்தலை உறுத்தக்கூடாது என்று உள்ளே சாக்குத்துணி வைத்துத் தைத்திருந்தான். பகலெல்லாம் அது அவன் குடிசை வாசலில் ஓர் ஆணியில் தொங்கும். மூன்று மணிக்கு எடுத்து மாட்டுவான். ஒருநாளும் தவறியதில்லை.

எனக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பக்கத்துத் தோட்டங்களில் துரைமார் விட்டுப்போன நாய்கள் மினுங்கும் பட்டையோடு திரிந்தன. என் நாய் மட்டும் முள்வேலி கட்டிய கொல்லை மாதிரி! முதலாளி குடும்பத்தோடு தோட்டம் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், போடிக்கு இறங்கிப் போய்க் கடைவீதியில் ஒரு தோல்கடை ஏறினேன்.

சிவப்பா, கறுப்பா? பித்தளை வளையமா, வெறும் கொக்கியா? அரைமணி நேரம் புரட்டினேன். கடைக்காரர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“மலைக்கா கொண்டு போறீக? இது வீட்டோட கெடக்குற நாய்க்குத்தான் அண்ணே தோதுப்படும். அகலமா, முள்ளு வச்சதாப் பாருங்க.”

சிவப்பையே கட்டித் தரச் சொன்னேன். நாய்க்கு எது பொருத்தம் என்றா பார்த்தேன்? எனக்கு எது பெருமை என்று பார்த்தேன்!

முதலாளி வந்த அன்று கருப்பையா வழக்கம்போல முள்பட்டையை மாட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான். நாலு மணிக்கு வளைவில் ஜீப்பின் சத்தம் கேட்டது. அவசரமாக முள்பட்டையைக் கழற்றி என் மேசை இழுப்பறைக்குள் போட்டேன். சிவப்பை மாட்டினேன். முதலாளியின் மகள் செவலையைத் தடவிக்கொடுத்து, அழகான நாய் என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக...

ஜீப் திரும்பிப் போனது. மூடுபனி இறங்கிவிட்டது. மாற்ற வேண்டும் என்று நினைவிருந்தது. நம்புங்கள், மறக்கவில்லை! இன்னும் கொஞ்ச நேரம் அழகாக இருக்கட்டுமே என்று விட்டேன்.

செவலை ஏதோ மோப்பம் பிடித்து, குரைத்துக்கொண்டே சரிவில் இறங்கியது. குரைப்பு பாதியில் நின்றது.

கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். ஓடையோரம் கிடந்தது. என் சத்தம் கேட்டுச் சிறுத்தை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். உயிர் இல்லை. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அழவில்லை. சிவப்புப் பட்டையை அவிழ்த்து ஒரு பாறை இடுக்கில் திணித்தேன். ஓடையில் கை கழுவினேன். மேலே வந்து, முள்பட்டையைக் கருப்பையாவின் வாசல் ஆணியில் மாட்டினேன். அதற்குப் பிறகுதான் அவனைக் கூப்பிட்டேன்.

ஓடிவந்தவன் நாயின் கழுத்தைத் தடவினான். மெதுவாகக் கேட்டான்:

“மூணு மணிக்கு மாட்டுனேனே அய்யா... மாட்டலையா?”

“ஆணியிலதான தொங்குது” என்றேன்.

போய்ப் பார்த்துவிட்டு வந்தான். என் காலருகே உட்கார்ந்து, மன்னிச்சிருங்க அய்யா என்றான். என்னிடம்! நான் அவன் தோளைத் தட்டி, விடு என்றேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு!

அன்றிலிருந்து அவன் தன் கையை நம்பவில்லை. போட்ட விறகைப் போட்டோமா என்று திரும்பத் திரும்ப அடுப்பைத் திறந்து பார்த்தான். சந்தேகத்தில் மறுபடியும் போட, காய் கருகியது. இரண்டு மாதத்தில் அவனே வந்து நின்றான்.

“தீக்கிட்ட என்னைய வைக்காதீக அய்யா. இன்னைக்கு நாயி, நாளைக்கு ஆளுகளா இருந்துட்டா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது... அவனும் அவன் மனைவி பேச்சியும் மூட்டையோடு இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வருடம் கழித்துச் சொல்லிவிடுவது என்று துணிந்து சிலமலை போனேன். வீட்டைப் பூட்டினால் நாலு தடவை திரும்பி வந்து பார்க்கிறான், அதனால் வயல்வேலைக்கும் யாரும் கூப்பிடுவதில்லை என்று பேச்சி சொன்னாள். கருப்பையா செம்பில் தண்ணீர் கொடுத்தான். குடித்தேன். செம்பை வாங்கி வைத்துவிட்டு, பேச்சிக்குக் கேட்காதபடி என் பக்கம் குனிந்தான்.

“அய்யாவுக்குத் தண்ணி குடுத்தனா?”

“குடுத்த கருப்பையா” என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த மழைக்கு அவன் இறந்துபோனான். பேச்சியிடமாவது சொல்லலாமே என்கிறீர்களா? அவள் இன்னும் சிலமலையில்தான் இருக்கிறாள். போடியிலிருந்து தினமும் பஸ் போகிறது.

நான் போகவில்லை.