நாத்தனார் புருஷன் மாட்டிய மெமரி

கடையில் எல்லோரும் அவளை டக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டருக்குள் மெமரி மாட்டும்போது இரண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். கிளிப் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும் சத்தம் காதில் விழாமல் கையை எடுக்கமாட்டாள். பதினாலு வருஷத்தில் அவள் பூட்டிய பெட்டி ஒன்றுகூட மெமரிக் கோளாறு என்று திரும்பி வந்ததில்லை.

அவளைக் கண்டாலே ஆகாது நாத்தனார் புருஷனுக்கு. கல்யாணமான புதிதில், சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், “மச்சானுக்குப் பொண்டாட்டி கிடைக்கல, மெக்கானிக்தான் கிடைச்சிருக்கா” என்று சொல்லிச் சிரித்தவர். அவள் அன்று வாயைத் திறக்கவில்லை. மறக்கவும் இல்லை.

அவர் இப்போது தன் மகளுக்குக் கம்ப்யூட்டர் செய்ய அந்தக் கடையிலேயே உதிரிபாகங்கள் வாங்கினார். “நான் பூட்டித் தரட்டுமாண்ணே?” என்று அவள் கேட்டதற்கு, “வீடியோ பாத்தா கொழந்தகூட மாட்டிடும்” என்று போனவர், மூன்றாம் நாள் காலையில் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் தொப்பென்று வைத்தார். கடை நிறைய ஆட்கள்.

“டூப்ளிகேட் மெமரிய என் தலையில கட்டிட்டியா? ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. சொந்தக்காரன்னா இளிச்சவாயனா?”

முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் பெட்டியைத் தொடவில்லை.

“நீங்களே தொறங்க. நான் கைவெச்சதாலதான் போச்சுன்னு நாளைக்குச் சொல்லுவீங்க.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தார். கருகல் வாடை வந்தது. மெமரி மாட்டும் நாலு ஸ்லாட்டில், இரண்டாவதில் இருந்தது பாதிதான் இறங்கியிருந்தது. ஒரு பக்கக் கிளிப் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. நாலாவதில் இருந்தது முனை மாறி உட்கார்ந்திருந்தது. மெமரியின் அடியில் ஒரு வெட்டு உண்டு. ஸ்லாட்டில் அதற்குப் பொருந்த ஒரு மேடு உண்டு. மாற்றி வைத்தால் இறங்காது. இவர் மேட்டையே நொறுக்கி இறக்கியிருந்தார்.

“ரெண்டு, நாலுன்னு எடத்த மட்டும் சரியா பாத்திருக்கீங்க. திசையப் பாக்கல.”

“சொந்தக்காரர்தானேம்மா, ஒரு சாரி சொல்லி அனுப்பிடு” என்றார் முதலாளி, மெல்லிய குரலில்.

“வாங்க வந்தவர்னா சொல்லலாம் சார். இவர் வம்புக்கு வந்தவர்.”

எல்லோரும் பார்க்க நாலாவதை உருவி எடுத்து ஓரமாக வைத்தாள். இரண்டாவதை அழுத்தினாள். டக். சுவிட்சைப் போட்டதும் ஸ்கிரீன் பளிச்சென்றது.

“மெமரி டூப்ளிகேட்டாண்ணே?”

“அப்போ அந்த இன்னொண்ணு?”

“அது செத்துப்போச்சு. கொன்னது நீங்க.”

யாரோ கெக்கலித்தார்கள். அவர் முகம் கறுத்துப்போய், பெட்டியை மூடக்கூடச் செய்யாமல் தூக்கிக்கொண்டு போனார்.

மாலையில் நாத்தனார் போனில் கத்தினாள்: “நாலு பேர் முன்னாடி என் புருஷன் மானத்த வாங்கிட்டியேடி!”

“நான் எதையும் வாங்கல அண்ணி. அவரே பெட்டியோட கொண்டுவந்து கொட்டினார்.”

போன் பட்டென்று துண்டிக்கப்பட்டது. சாப்பிடும்போது அவள் கணவன் தட்டைப் பார்த்தபடியே முனகினான்: “நீ கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கலாம்.”

“உங்க அக்கா வீட்டுக்காரர் அன்னிக்கு என்ன மெக்கானிக்னு சொல்லிச் சிரிச்சப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டாள். அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அவளுக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.