சயந்தினி போட்ட பூச்சியம்

விழுங்கிய சோறு நெஞ்சில் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், நீங்கள் அவரை நம்புவீர்களா, அவருடைய பரிசோதனை அறிக்கையை நம்புவீர்களா? டாக்டர் சயந்தினி அறிக்கையைத்தான் நம்பினார். அதை எழுதுகிறவரே அவர்தான்.

நுண்ணோக்கியில் குனியுமுன் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொள்வார். பிறகு அதையே மேசையெல்லாம் தேடுவார். லண்டன் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுகூடத்தில், உணவுக்குழாயிலிருந்து கிள்ளியெடுத்த குறுணை அளவுத் திசுக்களை வாசிப்பது அவர் வேலை. ஒவ்வாமையால் குழாய் அழன்றவர்களின் திசுவில் ஒருவகைச் செல்கள் இளஞ்சிவப்பாக மொய்த்திருக்கும். "வா ராசா, நீயும் வா" என்று கொஞ்சிக்கொஞ்சி அவற்றை எண்ணுவார்.

இந்த வருடம் புதிய மதிப்பெண் முறையொன்றைச் சோதித்தார்கள். செல்களை எண்ணினால் போதாது; அடித்திசுவில் குழாயைச் சுருக்கும் தழும்பு விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திசு ஒட்டிய பழைய கண்ணாடித் தகடுகளைச் சயந்தினியும், மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட டாக்டர் லெட்சுமணனும் தனித்தனியே வாசித்தார்கள். ஒரு தகட்டில் மோதல். தழும்புக்குச் சயந்தினி பூச்சியம் போட்டிருந்தார், அதாவது தழும்பே இல்லை. லெட்சுமணன் 'பார்க்க இயலவில்லை' என்று குறித்திருந்தார்.

"டாக்டர், கிள்ளுனது மேல்தோல் மட்டும்தான். அடித்திசுவே வரல. ஸீரோவை உங்க வீட்டுலருந்து கொண்டுவந்தீங்களா?"

சயந்தினி சிரிக்கப் பார்த்தார். கணினியில் தகட்டின் எண்ணைத் தட்டினார். முதல் அறிக்கையும் அவருடையதே: 'செல்கள் குறைந்துவிட்டன. தழும்பு இல்லை.' அதை வைத்துத்தான் அந்த நோயாளிக்கு மருந்தை நிறுத்தியிருந்தார்கள். சோறு சிக்குகிறது என்று திரும்பத் திரும்ப வந்த அந்த மனிதரை, மனப்பயம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடைசியில் இறைச்சித் துண்டு அடைத்து, அவரை ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள்.

சயந்தினிக்குக் காது மடல் எரிந்தது. குடும்பம் இலங்கையிலிருந்து அகதியாக வந்த புதிதில், "உடம்பில் தழும்பைக் காணோம், அடித்தார்கள் என்பது பொய்" என்று ஒரு குடிவரவு அதிகாரி அவருடைய தகப்பனாருக்கு எழுதினார். அந்த ஆளை இன்றைக்கும் வாய் ஓயாமல் திட்டுகிறவர் சயந்தினி.

"பாக்கேலாமல் போனதை இல்லையெண்டு எழுதிப்போட்டன் அண்ணை."

"எல்லாரும் செய்யறதுதான்லா. அடுத்த தகட்ட எடுங்க."

"ஏலாது. அந்த மனுசன் பொய் சொல்லேல்லை."

நோயாளியின் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்தத் திசுவில் தழும்பைப் பார்க்கவே இயலாது என்றார். தவறு யாருடையது என்று மருத்துவர் கேட்டார். சயந்தினி தம் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, அவர் எழுதி முடிக்கும்வரை சொன்னார்.

உங்கள் வீட்டிலும் 'இல்லை' என்று முடியும் அறிக்கை ஒன்று இருக்கும். நாளைக்கே போய்க் கேளுங்கள்: பார்த்துத்தான் எழுதினீர்களா?