துறவுக்கு ஒரு எல்டிசி

எங்கள் குழு ஞாயிற்றுக்கிழமைதோறும் டெல்லி கரோல் பாக்கில் ஓர் உறுப்பினரின் வீட்டில் கூடும். தெற்கே எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஆளில்லாமல் அணைந்துகொண்டிருந்த ஒரு சின்ன சைவ மடத்துக்கு மறுபடி உயிர் கொடுப்பது எங்கள் நோக்கம். உயிர் கொடுக்க வந்தவர்கள் அத்தனை பேரும் மத்திய அரசு ஊழியர்கள். ஆகவே முதலில் மினிட்ஸ் எழுதினோம். பிறகு ஒரு துணைக் குழு அமைத்தோம். அந்தத் துணைக் குழு ஏன் கூடவில்லை என்று பார்க்க இன்னொரு துணைக் குழு அமைத்தோம். நடுவில் உளுந்தவடை வரும். சைவம் தழைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு வடையைப் பார்க்கும்போதெல்லாம் உறுதிப்படும்.

மடத்தில் தலைமைச் சாமியும் வயதான இரண்டு தம்பிரான்களும்தான் மிஞ்சியிருந்தார்கள். வீட்டை விட்டு, காவி உடுத்து, மடத்தோடு வாழும் துறவியை எங்கள் பக்கம் தம்பிரான் என்போம். அவர்களுக்கு நாங்கள் இன்வெர்ட்டர் அனுப்பினோம், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் அனுப்பினோம், வாசலுக்கும் கூடத்துக்கும் கண்காணிப்புக் கேமராக்கள் அனுப்பினோம். சாமிகளை விடக் கேமராக்கள் அதிகமாகிவிட்டன. ஒருநாள் தலைமைச் சாமி போனில் சொன்னார்: "சாமான் போதும்யா. ஆள் இருந்தா அனுப்புங்க."

ஆள் கேட்கும் அறிக்கையை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் தமிழைத் தப்பில்லாமல் எழுதுவேன் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். வேலையைத் தள்ளிவிடப் புகழ்வதை விடச் சுலபமான வழி எந்த அலுவலகத்திலும் கிடையாது. தெரிந்தும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அறிக்கையில் உருக்கிய உருக்கில் படிக்கிற எனக்கே கண் கலங்கியது.

எழுதியதோடு விட்டேனா? லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்து மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பேசவும் பேசினேன். அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. துறவுக்கு வருகிறவன் தானாக வந்து சேர முடியாது. பெற்ற தகப்பன் கையைப் பிடித்து அழைத்து வந்து, சாமி முன்னால் நின்று, வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். "அப்படி ஒப்படைக்கும் கை எத்தனை புண்ணியம் செய்த கை!" என்று மேடையில் தழுதழுத்தேன். பலத்த கைதட்டல். கடைசி வரிசையில் என் மனைவி மட்டும் கொட்டாவி விட்டாள்.

எங்களுக்கு ஒரே மகன். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். ஒரே ஊரில் வீடு இருந்தும் முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி எம்.எஸ்ஸி. முடித்தான். அவனுடைய தமிழ், விருந்தாளிகள் முன்னால் நான் மறைத்து வைக்கிற விஷயங்களில் ஒன்று. ஒவ்வொரு பரீட்சைக்கும் அவன் நெற்றியில் திருநீறு பூசி அனுப்புவது என் வேலை. துகள் கண்ணில் விழுந்தால் கத்துவான் என்பதால் இடது கையை அவன் கண்ணுக்கு மேல் குடைபோல் பிடித்துக்கொண்டு பூசுவேன். மீசை முளைத்த பிறகும் அப்படித்தான்.

மடத்துக் கேமரா வேலை செய்யவில்லை என்று தகவல் வந்தபோது அவனைத்தான் அனுப்பினேன். மெக்கானிக் செலவு மிச்சம் என்று அதையும் மினிட்ஸில் ஏற்றினேன். கேமரா மறுநாளே சரியாகிவிட்டது. போனவன் கோடை முழுக்கத் திரும்பவில்லை.

திரும்பி வந்தவன் சாப்பாட்டு மேஜையில் சொன்னான்: "அப்பா, நான் மடத்துலயே இருந்துடலாம்னு ஸோச் ரஹா ஹூன்."

யோசித்துக்கொண்டிருக்கிறானாம்! வாழ்நாள் துறவை இந்தியில் அறிவித்த முதல் தம்பிரான் அவனாகத்தான் இருப்பான்.

"ஏன்ப்பா?" என்றேன்.

"காலைல பெரிய சாமிங்க பதிகம் பாடுறாங்க. ஹால்ல ஒருத்தர்கூட இல்ல. பூரா காலி. ஃபிர் பீ, அப்படியும் தினமும் பாடுறாங்கப்பா. எனக்கு அங்க உக்காந்திருக்கணும்னு இருக்கு."

நான் மேடையில் பேசியதையெல்லாம் விட அது நல்ல காரணம். அதனாலேயே அவசரமாகக் குறுக்கே விழுந்தேன். "யுபிஎஸ்சி ஒருதடவை எழுதிட்டு அப்புறம் சாமியாராகேன். இதுக்கு வயசு வரம்பு கிடையாது, அதுக்கு இருக்கு" என்றேன். அவன் சிரித்தான். என் மனைவி சிரிக்கவில்லை. "சாப்பாடெல்லாம் நல்லாருக்குமாய்யா அங்க?" என்று மட்டும் கேட்டாள்.

குழுவில் விஷயம் தெரிந்ததும் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். ஒருவர் மட்டும் படிக்கட்டில் என்னை ஓரங்கட்டி, "அண்ணாச்சி, தம்பிக்கு எதுவும் லவ் ஃபெயிலியரா?" என்று கேட்டார். அவருக்கு மூன்று மகன்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அதுவரை பரிமாறிக்கொண்டிருந்தவன் நான். இப்போது என் வீட்டு நெய்யைக் கேட்கிறார்கள்.

மறுக்க வாயில்லை. ஆனால் மறுக்காமலே ஒரு காரியத்தை நிறுத்தி வைப்பதற்குத்தானே எனக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள்? நானே கொண்டுபோய் விட வேண்டும், அதற்கு லீவு வேண்டும். "பார்லிமெண்ட் செஷன் நடக்குது, லீவு கிடைக்காது" என்றேன். செஷன் முடிந்ததும் பட்ஜெட் வந்தது. பட்ஜெட் போனதும் தணிக்கை வந்தது. மகன் அடிக்கடி ரயிலேறி மடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தான். இரண்டாவது தடவை செஷன் என்றபோது என் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"எனக்கு மட்டும் வலிக்காதுன்னு நெனச்சியளா? நானா கூட்டம் போட்டுக் கூப்பிட்டேன்? ஊரையெல்லாம் நீங்கதான் கூப்பிட்டீங்க. நம்ம பிள்ளைக்குத்தான் காது கேட்டிருக்கு. இப்போ கதவை அடைச்சா எப்படி?"

எனக்குக் கோபம் வந்தது. "எனக்கு யாருடி கொள்ளி வைப்பா?" என்று கத்திவிட்டேன். சொன்ன பிறகுதான் அதுவும் உண்மையல்ல என்று தெரிந்தது. செத்த பிறகு யார் வைத்தால் என்ன? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "அம்மா, ஜல்தி சாப்பாடு!" என்று கத்திக்கொண்டு ஒருவன் படியேறி வருவானே, அவன் வர மாட்டான் என்பதுதான் தாங்கவில்லை.

மறுவாரம் எல்டிசிக்கு எழுதிக் கொடுத்தேன். சொந்த ஊர் போய்வர அரசாங்கம் தருகிற பயணச் சலுகை அது. மகனைத் துறவுக்கு ஒப்படைக்க எல்டிசி எடுத்த முதல் ஆள் இந்தியாவில் நானாகத்தான் இருக்க வேண்டும். பெருமையாக அல்ல, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

மடத்துக் கூடத்தில் தலைமைச் சாமி முன்னால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: 'என் மகனைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன்.' மேடையில் அதைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கியவன். வாய் திறந்தால் 'என் மகனை' வரைக்கும்தான் வந்தது. கடைசியில் நாக்கு பழக்கப்பட்ட ஆபீஸ் தடத்தில் போய் விழுந்தது: "தங்கள் மேலான பரிசீலனைக்குச் சமர்ப்பிக்கிறேன்."

பின்னால் நின்ற என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"பரிசீலிச்சாச்சு. கையை விடுங்க" என்றார் தலைமைச் சாமி.

அப்போதுதான் பார்த்தேன். இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் அவனுக்குக் காவி கொடுத்தார்கள். கூடத்துக்கு வந்து நின்றதும் வழக்கப்படி எல்லோரும் அவன் காலில் விழுந்தார்கள். என் கை மட்டும் பழைய ஞாபகத்தில் திருநீற்றுத் தட்டைப் பார்த்துப் போய்விட்டது. வயதான தம்பிரான் ஒருவர் வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார். பூசும் முறை இனி என்னுடையதல்ல. நானும் விழுந்தேன். முழங்கால் வலியோடு எழுந்தபோது அவன் தட்டிலிருந்து திருநீற்றை எடுத்தான். மற்றவர்களுக்கெல்லாம் கையில் கொடுத்தவன் என் நெற்றியில் பூசினான். பூசும்போது இடது கையை என் கண்ணுக்கு மேல் குடைபோல் பிடித்துக்கொண்டான்.

அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதேன். கண்ணில் திருநீறு விழுந்துவிட்டது என்று சொல்லக்கூட வழியில்லாமல் செய்துவிட்டான்.