தட்டிப் பார்த்த வீடுகள்

காலை ஆறு நாற்பது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நான் கண்விழித்த முதல் நாள். முதலில் கண்ணில் பட்டவர் முக்காலி மேல் பனியனோடு நின்ற என் கணவர். குடைக்காம்பால் கூரைப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார். இடது கை விரல் நுனிகள் பலகையில் பதிந்திருந்தன. ஒரு தட்டு, கொஞ்சம் நகர்வு, மறுபடி ஒரு தட்டு. வெளியே ரயில் பெட்டிகளைக் கோக்கும் சத்தம். நாங்கள் வந்து இறங்கியதே முந்தைய இரவுதான். துணிப்பெட்டிகளை இன்னும் திறக்கவில்லை. குடை மட்டும் வெளியே இருந்தது.

கீழ்த்தளத்திலிருந்து வீட்டுக்காரம்மாள் ஏறி வந்தார். திருமதி பொன்னம்பலம், யாழ்ப்பாணத் தமிழர், ரயில்வே எழுத்தர் ஒருவரின் விதவை. மேலே இருந்த இரண்டு அறைகளை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

"என்ன தம்பி, எலியே?"

"இல்லைங்க. கூரை."

"கூரைக்கு என்ன? என்ர மனுசன் இருக்கேக்க பாத்துப் பாத்துப் போட்டது."

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்கிறதைப் போட்டு ஏன் அடிக்கிறியள்?"

என் கணவர் முக்காலியை விட்டு இறங்கிவிட்டார். அன்று மாலைக்குள், மேல்வீட்டுக்குப் புதிதாக வந்தவர் புதையல் தேடுகிறார் என்ற செய்தி தெருமுனைக் கடைவரை போயிருந்தது.

அவர் நிலக்கரிச் சுரங்க ஆய்வாளர். பீகாரின் கரி வயல்களில் அரசுக்காகச் சுரங்கம் இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர். உள்ளே போனதும் முதல் வேலை கூரையைத் தட்டுவது. உறுதியான பாறை கணீரென்று ஒலிக்கும். பிளவுபட்டது காலி டப்பா போலக் கேட்கும். காது ஏமாந்தாலும் விரல் ஏமாறாது, தளர்ந்த பாறையின் நடுக்கம் விரல் நுனிக்குத் தெரியும் என்பார். மதராஸில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த நான், கல்யாணத்துக்குப் பிறகு அங்கே போனேன். ஒரு மதியம் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகை முழங்கால் ஆழத்துக்குக் கீழே இறங்கியது. மாடு அதே இடத்தில் நின்று அசை போட்டது. எப்போதோ யாரோ கரி எடுத்துவிட்டு, எங்கே எடுத்தோம் என்று வரைந்து வைக்காமல் போயிருந்தார்கள். என் கணவருக்கு ஆழத்தின் மேல் பயம் கிடையாது. வரைபடம் இல்லாத ஆழத்தின் மேல் உண்டு.

மலேசியாவில் சுரங்க ஆய்வாளர் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து எழுபதுகளின் பின்பாதியில் வந்தோம். இங்கிருந்த நிலக்கரிச் சுரங்கத்தை நாங்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே மூடிவிட்டார்கள் என்பதை வந்த பிறகுதான் அறிந்தோம். அலுவலகத்தில் ஒரு மலாய் எழுத்தர் அவருடைய சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்து, "நிலக்கரியா? தாக் அடா லா," என்றாராம். இல்லை என்று பொருள். சொல்லிவிட்டு, ஈயச் சுரங்கங்களும் கல்லுடைக்கும் மலைகளும் அடங்கிய ஒரு பட்டியலைக் கொடுத்தார். இல்லாத தொழிலில் நிபுணர் என்ற தகுதியுடன் அவர் இங்கே வேலையைத் தொடங்கினார். தெருவில் அவரை இன்ஸ்பெக்டர் என்றே அழைத்தார்கள். அதைப் போலீஸ் என்று எடுத்துக்கொண்ட பூக்கடைக்காரர், லோரிக்கு வந்த அபராதச் சீட்டுகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். இவரும் மறுக்காமல் வாங்கி, காவல் நிலையத்துக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு ரசீதைக் கொடுப்பார். இன்ஸ்பெக்டருக்குச் செல்வாக்குப் போதாது என்று கடைக்காரர் வருத்தப்பட்டார்.

ஆண்டுகள் போயின. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை எங்களுக்குக் கிடைத்தது. நான் இங்குள்ள ஒரு தமிழ் நாளிதழில் மெய்ப்புத் திருத்தப் போய், பிறகு துணையாசிரியர் ஆனேன். எண்பதுகள் முடியும்போது திருமதி பொன்னம்பலத்தின் மகன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். என் கணவருக்கு ஓய்வும் நெருங்கியது. நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம்: ஓய்வுக்குள் இங்கே சொந்த வீடு அமைந்தால் இங்கே, அமையாவிட்டால் அவருடைய ஊரான திருச்சி. ஒப்புக்கொண்டபோது, இது எனக்கு எளிதான நிபந்தனை என்று நினைத்தேன். எனக்குத் திரும்ப விருப்பமில்லை. திருச்சியில் நான் இன்னாருடைய மருமகள். இங்கே எனக்கென்று ஒரு மேசை இருந்தது.

வீடு காட்ட வந்தவர் மணியம் என்ற உள்ளூர்த் தரகர். கிள்ளானில் ஒரு மாடி வீட்டைக் காட்டினார். அடியில் ஆற்றுச் சேறு, தூணுக்குப் பிடிமானம் இல்லை என்றார் என் கணவர். செமினியில் வீட்டுக்குப் பின்னால் மேட்டைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். அவர் காரை விட்டே இறங்கவில்லை. சுபாங் ஜெயாவில் எனக்குச் சமையலறை பிடித்திருந்தது. அவர் கொல்லைப்புறம் போய்ப் பார்த்துவிட்டு, ஓர் ஓடையை மூடியிருக்கிறார்கள் என்று சொன்னார். பூச்சோங் போகும் வழியில் ஒரு புதிய குடியிருப்பு.

"சார், இது நல்ல எடம் லா. ஸ்கூல் பக்கம், பாசார் பக்கம். வேற என்னா வேணும்?"

"முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

"முன்னாடியா? ஒன்னும் இல்ல சார். லம்பம்தான்."

ஈயச் சுரங்கத்தை இங்கே லம்பம் என்பார்கள். ஈயம் எடுத்தது போக மிஞ்சிய சேற்றையும் மணலையும் சுரங்கக் குழியில் தேங்கிய குளத்தில் தள்ளி, மேலே மண் போட்டு, வீடு கட்டி, வேலிக்கு மஞ்சள் சாயமும் பூசியிருந்தார்கள். என் கணவர் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மணியம் என் பக்கம் திரும்பினார். "அக்கா, சார் வீடு வாங்குறாரா, கெணறு வெட்டுறாரா?"

அன்று சாப்பாட்டின்போது நான் கேட்டேன். "உங்களுக்குத் திருச்சிக்குப் போகணும்னா நேரா சொல்லுங்க. மண்ணு மேல பழி போடாதீங்க."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். "திருச்சி வீட்டுக்கு அடியில என்ன இருக்குன்னும் எனக்குத் தெரியாது. அங்கயும் யாரும் வரைஞ்சு வைக்கல."

எனக்குக் கோபம் தணியவில்லை. இரண்டு நாட்டிலும் நிற்க இடம் இல்லாதவரைக் கட்டிக்கொண்டோம் என்றுதான் தோன்றியது.

அடுத்த ஞாயிறன்று அவரே மணியத்திடம், ரவாங் பக்கம் போகச் சொன்னார். ரவாங்கைத் தாண்டினால் பத்து ஆராங் என்ற ஊர். மலாயில் அந்தப் பெயருக்கே நிலக்கரி என்று பொருள். மூடப்பட்ட சுரங்கம் அங்கேதான் இருந்தது. புல்வெளிகளில் ஆங்காங்கே வேலி போட்டு, ஆபத்து என்று பலகை வைத்திருந்தார்கள். மணியம் வேகத்தைக் குறைத்தார்.

"சார், பூமி உள்ள போற ஊரு இது. அக்கா பேப்பர்லயே வந்துச்சு லா."

அந்தச் செய்தியின் மெய்ப்பைத் திருத்தியவளே நான்தான்.

ஒரு சின்ன ஓட்டு வீட்டின் முன் நிறுத்தச் சொன்னார். வீட்டுக்காரர் வயதான சீனர், மளிகைக் கடை வைத்திருந்தவர். என் கணவர் எல்லை ஓரமாக நடந்து பார்ப்பதைக் கண்டதும், வீட்டைக் காலி செய்யச் சொல்ல வந்த அரசாங்க ஆள் என்று நினைத்துவிட்டார். வீடு கல் மாதிரி, ஒரு விரிசல் கிடையாது என்று மலாயில் உரக்கச் சொல்லிக்கொண்டே கூட வந்தார். வாங்க வந்திருக்கிறோம் என்று மணியம் விளக்கியதும் குரலைத் தாழ்த்தி, என்னைப் பார்த்து, "உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம்," என்றார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

என் கணவர் அந்த வீட்டில் எதையும் தட்டவில்லை.

"சுரங்கத்து துரையோட பங்களா இங்கதான் இருந்துச்சு," என்றார். "சுத்தி எல்லாக் கரியும் எடுத்துட்டாங்க. பங்களாவுக்குக் கீழ மட்டும் எடுக்கல. தூணா விட்டுட்டாங்க. அது மேலதான் நிக்கிற."

"எப்படித் தெரியும்?"

"பழைய வரைபடம் ஆபீஸ்ல இருக்கு."

"அது சரின்னு எப்படித் தெரியும்?"

"போட்டவன் நெறைய எடத்துல அடிச்சுத் திருத்தியிருக்கான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்துல கையெழுத்து. அடித்தலே இல்லாத வரைபடத்தை நான் நம்ப மாட்டேன்."

என் வேலையைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. திருத்தக் குறிகள் இல்லாத மெய்ப்புத்தாள் வந்தால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம் என்பதை எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அறிவோம். நான் வீட்டுக்குள் போய்ச் சமையலறையைப் பார்த்தேன். இருட்டாக இருந்தது. ஜன்னல் ஒன்று வைக்கலாம் என்று மணியத்திடம் சொன்னேன்.

"அக்கா, நீங்களுமா?" என்றார் மணியம்.

வாங்கினோம். வேலைக்குப் போக நான் விடிவதற்கு முன்பே பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது. திருமதி பொன்னம்பலம் ஒருமுறை மகனின் காரில் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். "வீடு வடிவாத்தான் இருக்கு. ஆனா உள்ள வர எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை," என்றார். தேநீரை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தேன். திருச்சியிலிருந்து கொழுந்தனார், அங்கேயே மண் வாங்கிவிட்டீர்களாமே, இனி இந்த ஊர் நினைப்பு வராது என்று எழுதியிருந்தார். என் கணவர் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

நிலப்பட்டாவை இங்கே கிராண்ட் என்பார்கள். எங்களுடையது வந்தபோது பழக்கத்தின் காரணமாக எழுத்து எழுத்தாகப் படித்தேன். பெயர்கள் இரண்டும் சரியாக இருந்தன. அதன்படி மேல்மண் எங்களுடையது. அதற்குக் கீழே இருக்கும் கனிமங்கள் அனைத்தும் மாநில அரசுக்குச் சொந்தம்.